கணிப்பொறிக்கும் வேண்டும் ஓர் உரைகல்

பொன் வாங்குவோர் உரைகல்லில் உரைத்துப் பார்க்கின்றனர். மண்பானை வாங்குவோர் விரலால் தட்டி ஓசை கேட்கின்றனர். மாடு வாங்கச் சந்தைக்குச் செல்வோர் பல்லைப் பிடித்துப் பார்க்கின்றனர். ஆனால் பல்லாயிரம் ரூபாய் கொடுத்து வீட்டிற்குக் கொண்டுவரும் கணிப்பொறியை மட்டும் நாம் எந்தச் சோதனையும் இன்றி நம்பிவிடுகிறோம். பின்னர் ஒருநாள் அது வேலையின் நடுவே நின்றுவிட்டால், அதன் ஒவ்வோர் உறுப்பையும் ஐயுறத் தொடங்குகிறோம்.

திருக்குறளில் 'தெரிந்துதெளிதல்' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள், ஆராயாமல் ஒருவரை நம்புவதும், நம்பியபின் அவர்மேல் ஐயங்கொள்வதும் ஆகிய இரண்டுமே நீங்காத் துன்பம் தருவன என்று எச்சரிக்கின்றது. மனிதரைத் தேர்ந்தெடுப்பதற்காகச் சொல்லப்பட்ட அவ்வறிவுரை, இன்று நம் மேசைமேல் இருக்கும் பொறிக்கும் பொருந்துவதை என் குடும்பத்தில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி எனக்கு உணர்த்தியது. அதனை முன்வைத்து, வீட்டுக் கணிப்பொறியின் உறுதியைச் சோதித்தறியும் முறையினை மாணவர்களும் பெரியோர்களும் அறியுமாறு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குன்னூரில் நேர்ந்தது

என் தமக்கையார் குடும்பம் குன்னூரில் வாழ்கிறது. அவருடைய கணவர் தேயிலைத் தொழிற்சாலையொன்றில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவர்களின் மகள் முனைவர் பட்டத்திற்காகத் தோட்டத் தொழிலாளர்களின் வாய்மொழிப் பாடல்களைத் திரட்டி வருகிறாள். 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்திற்குப் பின், இலங்கையின் மலையகத்திலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் பல நீலகிரியில் குடியமர்ந்தன என்பதை நாம் அறிவோம். அக்குடும்பங்களின் மூதாட்டிகள் கொழுந்து பறிக்கும்போதும் தாலாட்டும்போதும் பாடிய பாடல்களை அவள் கைப்பேசியில் பதிவுசெய்து, கணிப்பொறியில் சேர்த்து, எழுத்தில் பெயர்த்துக் கொண்டிருந்தாள்.

ஐப்பசி மழைக்காலத்தில் அக்கணிப்பொறி அடிக்கடி நின்றது. சில வேளைகளில் திரை நீலமாகும். சில வேளைகளில் தானே அணைந்து மீண்டும் எழும். கடைக்காரர் முதலில் விண்டோஸை மீண்டும் பதித்துக் கொடுத்தார். இரண்டு நாளில் பழைய கதை. அடுத்து, "மதர்போர்டு போய்விட்டது, செயலியையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்" என்றார். ஓய்வூதியத்தில் வாழும் குடும்பத்திற்கு அது பெருஞ்செலவு. அதைவிடப் பெரிய கவலை பின்னர் தெரியவந்தது. சேர்த்து வைத்திருந்த ஒலிப்பதிவுகளில் சில திறக்கவில்லை. திறந்த சிலவும் இடையிடையே கரகரத்தன.

"மாமா, நின்றுபோனால்கூடப் பரவாயில்லை, நிற்காமல் ஓடிக்கொண்டே பாட்டைக் கெடுத்திருக்கிறதே" என்று அவள் வருந்தினாள். அவள் கூறியதே இப்பொருளின் உயிர்நாடியாகும். நின்றுவிடும் கணிப்பொறி தன் நோயை வெளிப்படையாகக் கூறிவிடுகிறது. நில்லாமல் தவறாகக் கணக்கிடும் கணிப்பொறியோ பொய்ச்சான்று சொல்லும் ஆளைப் போன்றது. அதன் பொய்யை வெளிக்கொணர வேண்டுமானால், விடை நமக்கு முன்பே தெரிந்த வினாவை அதனிடம் கேட்க வேண்டும்.

சுமையேற்றிப் பார்ப்பது ஏன்?

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குச் செல்லும் மலை இரயில் 46 கிலோமீட்டர் ஓடுகிறது. கல்லாறு வரையில் நிலம் ஏறத்தாழச் சமமாகவே இருப்பதால், நீராவி என்ஜினில் சிறு குறை இருந்தாலும் அது புலப்படாமல் போகக்கூடும். கல்லாற்றிற்கு மேல் பற்சக்கரப் பாதை தொடங்குகிறது. ஏறத்தாழ 12 அடிக்கு 1 அடி என்னும் செங்குத்தான ஏற்றமும் அங்கே உண்டு. கொதிகலனின் பலவீனமும் பற்சக்கரத்தின் தேய்மானமும் அவ்வேற்றத்தில்தான் வெளிப்படும். என்ஜினைச் சோதிக்க விரும்புவோர் நிலையத்தில் நிறுத்திவைத்துச் சோதித்தால் போதாது. ஏற்றத்தில் ஏற்றிப் பார்க்க வேண்டும்.

கணிப்பொறியும் அவ்வாறே. கடிதம் தட்டச்சு செய்யும்போது அதன் செயலி பெரும்பகுதி நேரம் ஓய்வாகவே இருக்கிறது. கடுமையான கணக்கீட்டில் ஈடுபடும்போதோ, செயலியினுள் உள்ள கோடிக்கணக்கான நுண்ணிய மின்விசைகள் இடைவிடாது திறந்து மூடுகின்றன, மின்னோட்டம் பெருகுகிறது, வெப்பம் ஏறுகிறது, மின்வழங்கி தரும் அழுத்தம் சற்றே தாழ்கிறது. ஒவ்வொரு மின்விசையும் குறிப்பிட்ட நொடிப்பகுதிக்குள் 0 அல்லது 1 என்னும் நிலையை அடைந்தாக வேண்டும். வெப்பம் மிகுந்தாலோ அழுத்தம் குறைந்தாலோ அது காலந்தாழ்த்துகிறது. அவ்வாறு தாழ்த்த ஒரே ஒரு மின்விசையால் 0 என்பது 1 ஆகப் படிக்கப்படலாம். ஓய்வில் தோன்றாத குறை உழைப்பில் தோன்றுவதன் காரணம் இதுவே. செயற்கையாகப் பெருஞ்சுமையை ஏற்றி, அச்சுமையின்கீழ் பொறி பிழையின்றி இயங்குகிறதா என்று காண்பதையே சுமைச்சோதனை என்கிறோம்.

பகா எண் தந்த உரைகல்

இவ்வகைச் சோதனைக்கு இன்று உலகெங்கும் பயன்படும் மென்பொருள்களுள் ஒன்று 'பிரைம்95' ஆகும். இது சோதனைக்கென்றே பிறந்ததன்று. 2-ஐப் பல முறை பெருக்கி 1-ஐக் கழித்தால் கிடைக்கும் எண்களுள் பகா எண்களாக அமைபவற்றை மெர்சென் பகா எண்கள் என்பர். அவற்றைத் தேடும் கூட்டு முயற்சியை 1996-ஆம் ஆண்டில் ஜார்ஜ் வோல்ட்மன் என்பவர் தொடங்கினார். உலகின் பல நாடுகளிலுள்ள தன்னார்வலர்கள் தம் கணிப்பொறிகளின் ஓய்வு நேரத்தை அதற்கு வழங்குகின்றனர். அம்முயற்சியின் பயனாக 2024-ஆம் ஆண்டு அக்டோபரில் அறிவிக்கப்பட்ட எண், 2-இன் 13,62,79,841-ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்துப் பெற்றதாகும். அதனை முழுமையாக எழுதினால் 4,10,24,320 இலக்கங்கள் வரும்.

இத்தகைய கணக்கு நாள்கணக்கில், சிலபோது வாரக்கணக்கில் நடைபெறுவது. நடுவில் ஓரிலக்கம் பிழைத்தாலும் இறுதி விடை பயனற்றுப் போகும். எனவே தன்னார்வலரின் கணிப்பொறி நம்பத்தக்கதா என்பதை முன்கூட்டியே அறிய, அம்மென்பொருளினுள் ஒரு சோதனை வைக்கப்பட்டது. விடை ஏற்கெனவே உறுதிசெய்யப்பட்ட கணக்குகளைக் கொடுத்து, வரும் விடையை அதனோடு ஒப்பிடுவதே அச்சோதனை.

மற்றொரு நுட்பமும் அதில் உண்டு. பெரிய எண்களைப் பெருக்குவதற்கு அம்மென்பொருள் பின்னங்களைக் கையாளும் ஒரு குறுக்குவழியைப் பின்பற்றுகிறது. இறுதியில் கிடைப்பவை முழு எண்களாகவே இருக்க வேண்டும். சிறு பின்னம் எஞ்சினால் அருகிலுள்ள முழு எண்ணுக்குத் திருத்திக் கொள்ளலாம். ஆனால் எஞ்சிய பின்னம் 0.4-ஐத் தாண்டி அரையை நெருங்கினால், எந்தப் பக்கம் திருத்துவது என்பதே ஐயமாகிவிடும். பொறி எங்கோ தவறிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். மென்பொருள் உடனே எச்சரிக்கை விடுத்து அந்தக் கணக்கை நிறுத்திவிடும்.

கணிதத்தின் வழியே பொறியின் பிழை வெளிப்பட்ட வரலாறு இதனினும் பழையது. 1994-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, இரட்டைப் பகா எண்களைப் பற்றி ஆய்ந்தபோது இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் செயலி வகுத்தலில் தவறுவதைக் கண்டார். 41,95,835-ஐ 31,45,727-ஆல் வகுத்தால் 1.33382 என்று வரவேண்டிய விடை, அச்செயலியில் 1.33373 என்று வந்தது. செயலியினுள் அமைந்த அட்டவணையொன்றில் சில இடங்கள் விடுபட்டதே காரணம். செயலிகளை மாற்றித்தர நேர்ந்த இன்டெல் அதற்காக 47.5 கோடி டாலரை ஒதுக்கியது. 2016-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்நிறுவனத்தின் ஸ்கைலேக் செயலிகள் உறைந்து நின்ற குறையும் பிரைம்95 பயனாளர்களால்தான் வெளிச்சத்திற்கு வந்தது. 2024-ஆம் ஆண்டில் 13, 14-ஆம் தலைமுறை மேசைக் கணிப்பொறிச் செயலிகள் சிலவற்றில், மிகையான மின்னழுத்தத்தால் உறுதி குலைவதை இன்டெல் ஒப்புக்கொண்டு, உத்தரவாதக் காலத்தை மேலும் 2 ஆண்டுகள் நீட்டித்தது. பெரிய நிறுவனங்களின் பொருளையும் சோதித்தே நம்ப வேண்டும் என்பதற்கு இவை சான்றுகளாகும்.

மலைநாட்டின் தனித்தன்மைகள்

நீலகிரியில் வாழ்வோர் சமவெளியினரைவிடச் சிலவற்றைக் கூடுதலாகக் கருத வேண்டும். கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் உள்ள உதகையில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். கணிப்பொறியின் விசிறி வெப்பத்தைக் காற்றின் வாயிலாகவே வெளியேற்றுகிறது. காற்று மெலிந்திருப்பதால், அதே வேகத்தில் சுழலும் விசிறி குறைந்த வெப்பத்தையே சுமந்து செல்லும். மலையின் குளிர் இக்குறையைப் பெரும்பாலும் ஈடுசெய்துவிடுகிறது. ஆயினும் சன்னல்களை மூடிக் கணப்பு வைத்த சிறு அறையில் அந்த ஈடும் கிடைப்பதில்லை.

ஈரம் அதனினும் பெரிய பகை. பனிமூட்டம் வீட்டினுள் நுழையும் ஊர்களில், சுவரில் படியும் பூஞ்சை கணிப்பொறியின் உள்ளேயும் படியக்கூடும். குளிர்ந்து கிடந்த பொறியை வெதுவெதுப்பான அறைக்குக் கொண்டுவந்தால், கண்ணாடியில் படிவது போல அதன் பலகைகளிலும் நீர்த்துளி படியும். அவ்வாறு கொண்டுவந்த பொறியைச் சில மணி நேரம் கழித்தே இயக்குதல் வேண்டும். ஈரத்தோடு சேர்ந்த தூசி, நினைவகத் துண்டுகளின் பொன்முலாம் பூசிய விளிம்புகளில் படிந்து தொடர்பைக் கெடுப்பதும் உண்டு.

மூன்றாவது, இடிமின்னல். உதகையிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் அண்டக்கதிர் ஆய்வகம், 2014-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் நாள் அவ்வூரின்மேல் நின்ற ஓர் இடிமேகத்தில் ஏறத்தாழ 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததாகக் கணித்து, 2019-இல் வெளியிட்டது. அம்மேகத்தினூடே வந்த மியூவான் என்னும் துகள்களின் எண்ணிக்கை குறைந்ததைக் கொண்டே அவ்வழுத்தம் அளக்கப்பட்டது. இடி முழங்கும்போது சோதனையை நிறுத்தி, மின்செருகியையும் இணையக் கம்பியையும் கழற்றிவிடுவதே அறிவுடைமை.

விண்ணிலிருந்து வரும் பிழை

மேற்கூறிய ஆய்வகத்தின் 'கிரேப்ஸ்-3' கருவித்தொகுதி நாளொன்றுக்கு ஏறத்தாழ 400 கோடி மியூவான்களைப் பதிவுசெய்கிறது. அதற்கென 3,712 உணர்குழாய்கள் அடுக்கடுக்காக அமைக்கப்பட்டுள்ளன. ஓர் அடுக்கின் சான்றை மட்டும் நம்பாமல், பல அடுக்குகளின் சான்று ஒருங்கே பொருந்துவதைப் பார்த்தே துகள் சென்ற பாதை முடிவு செய்யப்படுகிறது. அண்டவெளியிலிருந்து வரும் கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதிச் சிதறும்போது பிறக்கும் துகள்கள், நம் வீட்டுக் கணிப்பொறியின் ஊடேயும் இடைவிடாது பாய்கின்றன. அவற்றுள் நியூட்ரான் போன்ற ஒன்று சிலிக்கன் அணுவொன்றில் மோதினால், நினைவகத்தின் ஓரிடத்தில் உள்ள 0 என்பது 1 ஆகவோ, 1 என்பது 0 ஆகவோ மாறக்கூடும். உயரம் கூடக்கூட அத்துகள்களும் மிகுகின்றன.

2003-ஆம் ஆண்டு மே 18-ஆம் நாள் பெல்ஜியம் நாட்டுத் தேர்தலில், ஷார்பேக் என்னுமிடத்தில் ஒரு வேட்பாளருக்கு 4,096 வாக்குகள் மிகையாகப் பதிவாகியிருந்தன. 4,096 என்பது 2-இன் 12-ஆம் அடுக்கு. அதாவது, நினைவகத்தில் ஒரே ஓர் இலக்கம் புரண்டால் வரும் வேறுபாடு. பொறியை மீண்டும் மீண்டும் சோதித்தும் அப்பிழை திரும்ப வரவில்லை. அண்டக்கதிரே காரணமாயிருக்கலாம் என்ற கருத்து அதனால்தான் எழுந்தது.

இந்நிகழ்ச்சியிலிருந்து நாம் பெறும் அளவுகோல் ஒன்றுண்டு. விண்ணிலிருந்து வரும் பிழை ஒருமுறை வந்து மறைவது. அடுத்தமுறை வந்தாலும் வேறோர் இடத்தில் வருவது. உறுப்பின் குறையோ அதே இடத்தில் திரும்பத் திரும்பத் தலைகாட்டுவது. தன் கணிப்பொறிகளை ஆராய்ந்து கூகுள் நிறுவனம் பங்கேற்று 2009-இல் வெளியிட்ட ஆய்வில், நினைவகத் துண்டுகளுள் நூற்றுக்கு 8-க்கும் மேற்பட்டவை ஓராண்டில் பிழை காட்டின என்றும், அப்பிழைகளில் பெரும்பாலானவை உறுப்பின் குறையால் விளைந்தவை என்றும் அறியப்பட்டது. மலையுச்சியில் வாழ்கிறோம் என்பதற்காக எடுத்த எடுப்பில் விண்ணின்மேல் பழிபோடுதல் பொருந்தாது.

சோதிக்கும் முறை

சோதனையைத் தொடங்குமுன் செய்யவேண்டியது, கோப்புகளைக் காப்பதாகும். ஆனால் நோயுற்ற நினைவகத்தின் வழியே படியெடுத்தால், படியும் நோயுறக்கூடும். ஒரு கோப்பைப் படியெடுக்கும்போது அது முதலில் நினைவகத்திற்கு வந்து, பின்னரே மறு இடத்திற்குச் செல்கிறது என்பதை மறத்தலாகாது. எனவே இயன்றால் வன்தட்டைக் கழற்றி, நலமாக உள்ள மற்றொரு கணிப்பொறியில் இணைத்துப் படியெடுக்க வேண்டும். பழைய படிகளை அழித்துவிடக் கூடாது.

அடுத்து, பொறியைத் தூசி நீக்கித் தூய்மை செய்தல். செயலியின் வேகத்தையோ நினைவகத்தின் வேகத்தையோ யாரேனும் கூட்டி வைத்திருந்தால், தொழிற்சாலை அமைப்பிற்குத் திருப்ப வேண்டும். பல நோய்கள் இவ்விரண்டிலேயே தீர்ந்துவிடும்.

முதற்சோதனை நினைவகத்திற்கு உரியது. 1994-ஆம் ஆண்டிலிருந்து வழங்கிவரும் 'மெம்டெஸ்ட்86' என்னும் மென்பொருளைப் பென் டிரைவில் பதித்து, விண்டோஸ் எழுவதற்கு முன்பே அதனை இயக்க வேண்டும். 8 ஜிகாபைட் நினைவகத்தில் ஏறத்தாழ 6,870 கோடி நுண்ணறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையும் சிறு மின்னூட்டத்தைத் தாங்கும் குடம் போன்றது; அது கசிந்துகொண்டே இருப்பதால், நொடிக்குப் பதினைந்து முறைக்கும் மேலாக மீண்டும் நிரப்பப்படுகிறது. சில குடங்கள் மிகையாகக் கசிகின்றன. சில, பக்கத்துக் குடத்தின் அசைவால் சிந்துகின்றன. மெம்டெஸ்ட் பலவகைக் கோலங்களில் 0-உம் 1-உம் எழுதி, திரும்பப் படித்து, எழுதியதும் படித்ததும் ஒன்றா என்று பார்க்கிறது. ஒரு சுற்று போதாது. குறைந்தது 4 சுற்றுகளேனும், இயன்றால் இரவு முழுவதும், ஓடவிட வேண்டும். ஒரே ஒரு பிழை தோன்றினாலும் அதனைப் புறக்கணிக்காமல், மீண்டும் ஓடவிட்டு அது அதே இடத்தில் வருகிறதா என்று பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது சோதனை செயலிக்கு உரியது. பிரைம்95-இல் சிறிய கணக்குகளைத் தேர்ந்தால், அவை செயலியின் உள்நினைவிலேயே அடங்கி, செயலியைக் கடுமையாகச் சூடேற்றும். கலப்பு வகையைத் தேர்ந்தால் நினைவகமும் சேர்ந்து உழைக்கும். சிறிய கணக்கில் பிழையின்றிக் கலப்பில் மட்டும் பிழை வருமானால், செயலியைவிட நினைவகத்தையும் அதன் தொடர்பையும் ஐயுற வேண்டும். இச்சோதனையின்போது வெப்பத்தைக் காட்டும் மென்பொருளொன்றையும் அருகில் திறந்து வைத்தல் இன்றியமையாதது. தொடங்கிய சில நிமிடங்களிலேயே வெப்பம் 100 பாகையை நெருங்குமானால் சோதனையை நிறுத்தி, விசிறியையும் செயலிமேல் பூசிய வெப்பப் பசையையும் கவனிக்க வேண்டும். முதல் அரைமணி நேரம் யாரேனும் அருகில் இருந்து பார்த்தல் நன்று.

மூன்றாவது வன்தட்டு. தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஏற்பாடு வன்தட்டுகளில் உண்டு. பழுதுபட்டு ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை அக்குறிப்பில் நாளுக்கு நாள் ஏறுமானால், அதன்மேல் சுமையேற்றுதல் கூடாது. நோயாளியை மலையேற்றுவது போன்றதாகும் அது. முதலில் கோப்புகளை மீட்க வேண்டும்.

நான்காவது மின்வழங்கி. நினைவகமும் செயலியும் தனித்தனியே தேறியும், எல்லாம் ஒருங்கே உழைக்கும்போது மட்டும் பொறி சட்டென அணையுமானால், மின்வழங்கியை ஐயுறலாம். நல்லதெனத் தெரிந்த மற்றொன்றை இரவல் வாங்கிப் பொருத்திப் பார்ப்பதே எளிய வழி. மின்வழங்கியின் பெட்டியை மட்டும் ஒருபோதும் வீட்டில் திறக்கலாகாது. மின்செருகியைக் கழற்றிய பின்னும் அதனுள் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும்.

இவை அனைத்திற்கும் பொதுவான விதி ஒன்றுண்டு: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுதல். இரண்டை ஒருங்கே மாற்றினால் நோய் தீரலாம். நோய் எதுவென்பது தெரியாமற் போகும். எதை மாற்றினோம், எத்தனை மணிக்குப் பிழை வந்தது, எந்த முகவரியில் வந்தது என்பனவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவருதல் வேண்டும்.

மூன்று இரவுகள்

குன்னூர் வீட்டில் நாங்கள் இம்முறையையே பின்பற்றினோம். முதல் இரவில் மெம்டெஸ்ட் இரண்டாம் சுற்றுக்குள் சிவப்பு வரிகளைக் காட்டியது. மறுமுறை ஓடவிட்டபோதும் பிழை அதே முகவரியில் வந்தது. விண்கதிர் அன்று என்பது அப்போதே தெளிவாயிற்று.

பொறியில் இரண்டு நினைவகத் துண்டுகள் இருந்தன. இரண்டையும் கழற்றி, விளிம்புகளை எழுத்தழிக்கும் இரப்பரால் மெல்லத் துடைத்து மீண்டும் பொருத்தினோம், பிழை நீங்கவில்லை. இரண்டாம் இரவில் ஒரு துண்டை மட்டும் வைத்து ஓடவிட்டோம். விடியும் வரை ஒரு பிழையும் இல்லை. மூன்றாம் இரவில் மற்றதை வைத்தோம்; சில நிமிடங்களிலேயே சிவப்பு வரிகள் தோன்றின. துண்டு கெட்டதா, அது செருகப்பட்ட இடம் கெட்டதா என்று அறிய, அதே துண்டை அடுத்த செருகிடத்தில் வைத்தோம். அங்கும் பிழை. நல்ல துண்டை அது முன்பிருந்த இடத்தில் வைத்தோம், பிழை இல்லை. குற்றவாளி அகப்பட்டது. மதர்போர்டு நிரபராதி. பின்னர் நல்ல துண்டோடு பிரைம்95-ஐ ஒரு பகல் முழுவதும் ஓடவிட்டோம், செயலியும் தேறியது.

ஒரு துண்டு மட்டும் மாற்றப்பட்டது. தாய்ப்பலகைக்கும் செயலிக்கும் ஆகவிருந்த செலவில் சிறு பகுதியே ஆயிற்று. கைப்பேசியில் அழிக்கப்படாமல் இருந்த பதிவுகளைக் கொண்டு பெரும்பாலான பாடல்களை மீட்டுவிட்டோம். இரண்டு பாடல்களை மட்டும் மீட்க இயலவில்லை. அவற்றைப் பாடிய மூதாட்டி அவ்வாண்டுக் கோடையிலேயே காலமாகியிருந்தார். புதிய நினைவகத் துண்டு கடையில் கிடைக்கிறது. அந்தக் குரல் எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை.

முடிவுரை

சோதனையில் தேறிய பொறி இனி ஒருபோதும் தவறாது என்று எண்ணுவதும் பிழையே. குறை காணப்படவில்லை என்பது வேறு. குறையே இல்லை என்பது வேறு. இன்று தேறியது அடுத்த மழைக்காலத்தில் தேறாமற் போகலாம். ஆதலின் புதிதாக வாங்கிய நாளில் ஒருமுறையும், அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறையும் இச்சோதனைகளைச் செய்தல் நலம். உத்தரவாதக் காலம் முடிவதற்குள் செய்தல் மிக நலம். அரிய பதிவுகளை ஒரே பொறியில் வைக்காமல் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் காத்தலும், மூலத்தை அழிக்கும் முன் படியைத் திறந்து பார்த்தலும் வழக்கமாக வேண்டும்.

தமிழ் பயிலும் மாணவச் செல்வங்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஏடுகளைச் செல்லரிக்காமல் காக்க நம் முன்னோர் மஞ்சளும் வசம்பும் பூசினர். இன்று நம் ஏடு கணிப்பொறியில் இருக்கிறது. அதனை அரிக்கும் செல் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆராய்ந்து நம்புவோம், நம்பத்தகாததைச் சான்றோடு நீக்குவோம். ஊகத்தின்பேரில் ஒருவரைத் தண்டிப்பது எவ்வாறு தகாதோ, அவ்வாறே ஊகத்தின்பேரில் ஓர் உறுப்பைக் கழித்துக்கட்டுவதும் தகாது. ஓய்வூதியத்தில் வாழும் ஒரு குடும்பத்தின் பணமும், ஒரு மூதாட்டியின் குரலும் அந்த ஆராய்ச்சியைப் பொறுத்தே நிற்கின்றன.